இரணைமடுவில் குடியேறிய மீன்

வன்னியின் இரணைமடுக் குளத்து மீன் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் திலாப்பியாதான் நினைவுக்கு வரும். என் அம்மம்மா விரால், கெளுத்தி, உழுவை என்றுதான் சொல்லுவா. கனகராயன் ஆற்றை மறித்து வெள்ளைக்காரர் வயலுக்காகக் கட்டிய குளம் இது. அப்போது திலாப்பியா இலங்கையிலேயே இல்லை.

ஆபிரிக்காவில் பிறந்து யாவா வழியாக ஆசியாவில் பரவிய மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. நைல் திலாப்பியா 1975இல் வந்தது.

கோடையில் நீர் வற்றும்போது அலைகரையில் சாப்பாட்டுக் கோப்பை அகலத்தில் வட்டக் குழிகள் தெரியும். ஆண் மீன் தோண்டியவை. பெண் அங்கே முட்டையிட்டு, அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். குஞ்சு பொரித்த பின்னும் வாய்தான் வீடு. வலையில் பட்ட தாயைக் கையில் எடுத்தால், வாயிலிருந்து பொடிக் குஞ்சுகள் கொட்டும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும்.

இந்த வாய்தான் வன்னிக்குச் சோறு போட்டது. கட்லா, ரோகு எல்லாம் குளத்தில் தானாகப் பெருகாது. ஓர்மோன் ஊசி போட்டு, குஞ்சு நிலையத்தில் பொரிக்கவைத்து, கொண்டுவந்து விட வேண்டும். 1990இல் பிரேமதாச அரசு நன்னீர் மீன் வளர்ப்புக்கான அரச உதவியை நிறுத்தியது. 1994இல் அது திரும்பியபோது வன்னியில் போர். யாரும் குஞ்சு விடாத காலத்திலும் திலாப்பியா தானே பெருகியது. வலை வைத்திருந்தவன் வீட்டில் குழம்பு கொதித்தது.

1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, நம் வாயில் 'நக்டா', போருக்குப் பிறகு இரணைமடுவிலேயே குஞ்சு நிலையம் அமைத்தது. இப்போது வளவுக்குள் குளம் வெட்டி மீன் விட ஆசைப்படுகிறவர்கள் பலர். நல்ல ஆசை. ஆனால் பெருங்குளத்தைக் காப்பாற்றிய அதே குணம் சிறுகுளத்தைக் கெடுக்கும். திலாப்பியா சில மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, குஞ்சுக்குமேல் குஞ்சாகி, தீன் பற்றாமல் எல்லாம் விரல் நீளத்தில் நின்றுவிடும். அதனால்தான் பொரித்த குஞ்சுகளுக்கு முதல் சில கிழமை ஓர்மோன் கலந்த தீன் கொடுத்து, எல்லாவற்றையும் ஆணாக்கி விற்கிறார்கள். ஆண்தான் வேகமாகவும் வளரும்.

இன்னொன்று, வெள்ளம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியின் தாழ்நிலமெல்லாம் தண்ணீர். அப்படியொரு நாளில் வளவுக் குளத்து மீன் வரம்பைத் தாண்டி வாய்க்காலுக்குப் போய்விடும்.

குளம் வெட்டுகிற பிள்ளைகளே, பெருங்குளத்திலிருந்து குஞ்சை வாளியில் அள்ளி வந்து விடாதீர்கள். ஆண்குஞ்சு கேட்டு வாங்குங்கள். மாரிக்கு முன் கட்டை உயர்த்தி, தண்ணீர் போகும் வழிக்கு வலை அடித்துவிடுங்கள்.