கூடை சுமந்தவன்

எகிப்தின் பழம்பெருமை பேசுவோர் மன்னர் பெயர்களையே அடுக்குவர். அந்நாட்டுச் சித்திர எழுத்துக்களுள் தலைமேற் கூடை தாங்கும் மனிதன் ஒருவனும் உளன். ‘சுமை’, ‘தூக்குதல்’, ‘வேலை’ எனப் பொருள்தரும் சொற்களின் ஈற்றில் அவன் நிற்பான். பெரும்பாலும் அவனுக்கென ஒலியில்லை. பொருளை மட்டும் சுட்டுவான். உழைப்பைக் குறிக்க உழைப்பாளியின் உருவையே எழுத்தர் வரைந்தனர். ஆனால், எழுத்தறிவோ அங்கே மிகச் சிலரின் உடைமை. கூடை சுமந்தோர் அச்சிலருள் அடங்கார்.

1927 இல் அறிஞர் கார்டினர் தமது இலக்கண நூலில் இக்குறிகளை வகைப்படுத்தினார். 2009 இல் கணினிகளுக்கான பொதுக் குறியீடாகிய யூனிகோட் 1,071 குறிகளுக்கு எண் வழங்கியது. கூடைக்காரனின் எண் 77,835. முடிதரித்த அரசரின் உருவங்கள் அவ்வரிசையில் அவனுக்குப் பின்னரே வருகின்றன!

ஆயினும் அவன் பசியை எவர் எழுதினர்? மூன்றாம் ராம்சேஸின் 29 ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் உரிய காலத்தில் வாராமையால், அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், பசிக்கிறதென முறையிட்டனர். அதனைக் கூறும் பாப்பிரசுச் சுவடி இத்தாலியின் தூரின் நகரில் உளது. அவர்கள் தேர்ந்த கைவினைஞர். அவர்களிடையே எழுத்தர் வாழ்ந்தமையாற் செய்தி எஞ்சியது. கூடை சுமந்தோரிடமிருந்து அத்தகைய சுவடி எதுவும் நமக்குக் கிட்டவில்லை.