சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

பெல்லாரி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1823-இல் அந்த ஜில்லாவின் கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல், அங்கிருந்த பள்ளிக்கூடங்களைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் பையன்களின் உள்ளங்கையைக்கூட விட்டுவைக்கவில்லை. காலையில் முதலில் வந்து சேருகிறவன் கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒரு சுழி. பாராட்டும் கிடையாது, ஏச்சும் கிடையாது. மூன்றாமவனுக்குப் பிரம்பால் மெல்ல ஒரு தட்டு, நான்காமவனுக்கு இரண்டு. அப்புறம் வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். தூங்குமூஞ்சிப் பையனின் கதியைக் காம்ப்பெல் வாசகரின் கணக்குக்கே விட்டுவிட்டார்.

1822-இல் கவர்னர் தாமஸ் மன்றோ கேட்டதால் எழுந்த அறிக்கைகளில் ஒன்று அது. நான்கு வருஷத்தில் கணக்கு வந்து சேர்ந்தது. மாகாணத்தின் சுமார் 1.28 கோடி மக்களுக்கு 12,498 கல்விக்கூடங்கள், அவற்றில் 1,88,650 மாணவர்கள். பள்ளிக்குச் சராசரியாகப் பதினைந்து பேர். பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்கள் இந்த இடம் வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள்.

அந்தப் பதினைந்து பேர் என்ன படித்தார்கள்? தமிழ் ஜில்லாக்களில் முதலில் மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலையும் எழுத்தாணியும். ஆத்திசூடி, கொன்றைவேந்தன். அதோடு, நாளின் பெரும்பகுதியைத் தின்றது எண்சுவடி. முழு எண் வாய்ப்பாடு அதில் பாதிதான். மீதி, பின்னங்கள். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. இருபது மா சேர்ந்தால் ஒன்று. நெல்லிலக்கத்தில் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நிலத்தின் பரப்புக்குக் குழிமாற்று. ஒருவன் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் வாங்கிச் சொல்ல, பொழுது சாய்கிற வரை தெருவே அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இதை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது என்கிறார், இந்தச் சுவடிகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் செந்தில் பாபு. அங்கே ஏற்றிய கணக்கெல்லாம் ஊரில் புழங்குகிற கணக்கு. கால் வேலி நிலம் ஐந்து மா என்று வாயில் வருகிற பையன், நாளைக்குக் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடியாகப் போனால் அதே ஐந்து மாவை வரப்பில் நின்று பார்ப்பான். களத்தில் நெல் அளக்கும் மரக்கால் தவறினால் அவன் காதுக்கே தெரியும். ஆனால் செய்யுள் விஷயத்தில் காம்ப்பெல்லுக்கு இந்தத் திருப்தி இல்லை. பையன்கள் ஏராளமான பாட்டை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், அர்த்தம் மட்டும் கிளிக்குத் தெரிந்த அளவுதான் தெரியும் என்று எழுதினார்.

அவரே மெச்சிய விஷயம் ஒன்றும் உண்டு. மணலில் எழுதுவதால் செலவில்லை; மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதால் வாத்தியாருக்குப் பாரமில்லை. இங்கிலாந்தே இதைப் பின்பற்றியது நியாயம்தான் என்றார்.

இங்கிலாந்துக்கு அதை எடுத்துப் போனவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787-இல் சென்னைக்கு வந்தவர், 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை மேற்பார்த்தார். ஒரு நாள் குதிரையில் போகும்போது, ஊர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்தார். திரும்பியதும் அதையே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முறுக்கிக்கொண்டார்கள். பெல் அவர்களோடு மல்லுக்கட்டாமல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். பெல் 1796-இல் ஊர் திரும்பி, மறு வருஷமே லண்டனில் இதைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ பிறந்தது. அவர் பார்த்த பள்ளியின் வாத்தியார் யாரோ, எவரோ.

லண்டனில் ஜோசப் லங்காஸ்டரும் 1798-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு இதே போல ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். யார் முந்தி என்ற சண்டை, மதச் சண்டையாகவும் மாறியது. இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், மற்ற பிரிவினர் லங்காஸ்டர் பக்கம். ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்றார் லங்காஸ்டர். கவிஞர் கோலரிட்ஜ் பெல்லின் முறையை நீராவி எந்திரத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இங்கேதான் சரக்கு மாறிப்போனது. திண்ணையில் பதினைந்து பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை. பிள்ளைகள் வாத்தியாரின் காதெட்டும் தூரத்தில் இருந்தார்கள். லண்டன் கூடத்தில் நூற்றுக்கணக்கான பேர். அங்கே சட்டாம்பிள்ளைதான் ஆசிரியர். கப்பலேறியது மணலும் சிக்கனமும். கற்றதை அன்றாட வேலையில் உரைத்துப் பார்க்கிற ஊர் இங்கேயே நின்றுவிட்டது.

எந்திரம் ஐம்பது வருஷம்கூட முழுதாக ஓடவில்லை. தான் அரைகுறையாகக் கற்றதைச் சட்டாம்பிள்ளை அரைகுறையாகவே சொல்லிக் கொடுக்கிறான் என்ற புகார் வலுத்தது. 1846-இல் இங்கிலாந்தின் கல்வி அதிகாரி கே-ஷட்டில்வொர்த் கொண்டுவந்த ஏற்பாட்டில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருஷம் உதவித்தொகையோடு ஆசிரியப் பயிற்சி பெற்றார்கள். செலவு ஏறியது. உடனே சிக்கனக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். 1862-இல் அங்கே கல்விப் பொறுப்பில் இருந்த ராபர்ட் லோ, பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று சட்டதிட்டம் போட்டார். அதே பத்தாண்டுக்குள் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து திண்ணைகளைத் தொட்டது. இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் ஒப்பித்தால் வாத்தியாருக்குப் பணம். வரப்புக்காக இருந்த மனப்பாடம் பரீட்சைக்கானது. நாம் இன்று திட்டுகிற மனப்பாடம் இந்தப் பிற்காலத்துச் சரக்கு.

2021-இல் கணினியின் மொழி மாதிரிகளைப் பற்றி எமிலி பெண்டரும் டிம்னிட் கெப்ருவும் சகாக்களோடு எழுதிய ஆய்வுக் கட்டுரை, அவற்றைப் பொருள் அறியாமல் பேசும் கிளி என்றது. பெல்லாரிக் கலெக்டர் பையன்களுக்கு வைத்த அதே பெயர். அடுத்த வருஷம் நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. 2023 ஜனவரியில் நியூயார்க் நகரப் பள்ளிகள் அதைத் தடுத்தன. மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. அதற்குள் கான் அகாடமி தன் எந்திர ஆசிரியரான கான்மிகோவை அறிமுகப்படுத்திவிட்டது. சோர்வில்லாத, பிரம்பில்லாத சட்டாம்பிள்ளை. ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்பதுதான் இதில் புதிது. லங்காஸ்டரின் ஆயிரம் இப்போது கோடி.

விடை கையில் கிடைக்கும்போது வாய்ப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள், மரக்கால் தவறியதைக் கண்டுபிடித்தவன் எதைக் கொண்டு கண்டுபிடித்தான் என்று பார்க்க வேண்டும். எந்திரம் தப்பாகச் சொன்னாலும் தயக்கமில்லாமல் சொல்கிறது. இருபது மா ஒரு வேலி என்பது தன் தலைக்குள் இல்லாதவனுக்கு அந்தத் தப்பு தட்டுப்படாது. ஆகவே வருங்காலப் பயிற்சியில் மனப்பாடத்துக்கு வேலையில்லை என்ற பேச்சு அவசரப் பேச்சு. எதை ஏற்றுவது, ஏற்றியதை எந்த வேலையில் உரைத்துப் பார்ப்பது என்பதுதான் விவாதிக்க வேண்டியது. பாடத்திட்டக் குழுக்கள் அதை விட்டு எந்தச் செயலியை வாங்குவது என்று பேசிக்கொண்டிருக்கின்றன.

கட்டுரைகளை எந்திரம் எழுதித் தருவதால், சில பல்கலைக்கழகங்கள் கைப்பட எழுதும் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் திரும்பியிருக்கின்றன. மாணவரை எதிரே உட்காரவைத்துக் கேட்டால் பூச்சு வெளுத்துவிடும். ஒருவருக்குப் பதினைந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும், அறுபது பேர் உள்ள வகுப்புக்கு 15 மணி நேரம் வேண்டும். நம் கல்லூரிகளில் அந்த மணிகளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதை எந்த அறிவிப்பும் சொல்வதில்லை.