சக்கரமேறிய தம்பதிகள்

கணவனும் மனைவியும் கூடி நெடுந்தூரம் பிரயாணம் செய்வது நம் தேசத்தில் நேற்று முளைத்த வழக்கமன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்குமாக யாத்திரை போன நம் முன்னோர், மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் போய்வந்தால் யாத்திரையின் பலன் முழுமையடையாது என்று நம்பினார்கள். பிரயாகையில் திரிவேணி சங்கமத்தின் கரையிலே கணவன் தன் கையாலேயே மனைவியின் கூந்தலைப் பின்னி, அதன் நுனியைக் கத்தரித்து ஆற்றுக்கு அர்ப்பணம் செய்யும் வேணீதானம் என்னும் சடங்கு, தம்பதி சமேதராய்ப் போனவர்களுக்கே உரியது. ஆனால் அந்த யாத்திரைகளில், மனைவி நடந்து போனாலும், கட்டை வண்டியில் அமர்ந்து போனாலும், பிற்காலத்தில் ரயிலேறிப் போனாலும், என்று புறப்படுவது, எங்கே தங்குவது, எவ்வழியே திரும்புவது என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் கணவனே தீர்மானித்தான். இருவரும் தத்தம் கால்வலிமையையே நம்பி, ஒரே சாலையில் நூற்றுக்கணக்கான மைல் சேர்ந்து செல்வது என்ற புதிய வழக்கத்தை உலகுக்கு அளித்தது பைசிகிள். 1884-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட சொற்ப காலத்தில் அவ்வழக்கம் உருப்பெற்றது; அதன் மிக நீண்ட அத்தியாயங்களுள் ஒன்று நம் இந்தியச் சாலைகளின் மீதே நிகழ்ந்தது என்பதை நம்மவர்களில் பலர் அறியார்.

தொடக்கத்தில் அந்த வாகனம் பெண்களுக்கு இடம் கொடுக்கவில்லை. முன்சக்கரம் ஆள்மார்பளவு உயர்ந்தும் பின்சக்கரம் சிறுத்தும் இருந்த அக்காலத்துப் பைசிகிளில் ஏறுவதற்கே வித்தை வேண்டியிருந்தது. கணுக்கால் வரை தழைந்த பாவாடை உடுத்திய ஸ்திரீகள் அதன்மேல் ஏறுவது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். ஆகவே பெண்களும், முதியவர்களும், விழுந்தெழப் பிரியமில்லாத கனவான்களும் மூன்று சக்கர வண்டியை நாடினார்கள். 1881-இல் விக்டோரியா மகாராணியாரே அத்தகைய வண்டிகளை வரவழைத்துக்கொண்டதனால், அதற்குக் கௌரவமும் கூடியது. அந்த முச்சக்கர வண்டியிலேயே இருவர் ஏறி, இருவரும் மிதித்துச் செலுத்தும்படியான ஒரு வகையைப் பட்டறைக்காரர்கள் செய்து விற்றார்கள். தம்பதியரின் நெடும்பயணம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த எலிசபெத் ராபின்ஸ் என்ற எழுத்தாளர், ஜோசப் பென்னெல் என்ற சித்திரக்காரரை 1884-ஆம் வருஷம் ஜூன் மாதம் மணந்துகொண்டார். மணமான இரண்டே மாதங்களில் அவ்விருவரும் லண்டனிலிருந்து காண்டர்பரிக்கு, ஆங்கில மகாகவி சாஸர் பாடிய யாத்திரிகர்களின் வழியைப் பின்பற்றி, இருவரேறும் முச்சக்கர வண்டியில் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வாண்டு இலையுதிர் காலத்திலேயே இத்தாலிக்குச் சென்று, புளோரன்ஸ் நகரத்தில் புறப்பட்டு, சியனா, பெருஜியா, அஸ்ஸிசி ஆகிய மலையூர்களின் வழியே ரோமாபுரி வரை போனார்கள். அடுத்த வருஷம், லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற பழைய ஆசிரியரின் அடிச்சுவட்டைப் பற்றிப் பிரான்சு தேசத்துச் சாலைகளில் சென்றார்கள். காற்றடைத்த டயர் அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. சக்கரத்தைச் சுற்றியிருந்தது கெட்டி ரப்பர். கல்லும் குழியுமான சாலையின் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேரே எலும்புக்கு வந்து சேரும். மலைச்சரிவில் ஏறவேண்டிய இடங்களில் கனமான அந்த வண்டியை இருவரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

அவர்கள் உழைப்பைப் பகிர்ந்துகொண்ட முறை எனக்கு மிகவும் உவப்பானது. மனைவி எழுதினார், கணவர் சித்திரம் தீட்டினார், இருவர் பெயரும் தாங்கிப் புத்தகங்கள் வெளிவந்தன. அந்தப் புத்தகங்களைப் படிக்கிறவர்களுக்கு, எலிசபெத் வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட பொருளாகத் தோன்றமாட்டார். கண்ணும் கருத்துமாக வழியைப் பார்த்து வருகிறவராகவே தோன்றுவார். ஆயினும் வண்டி ஒன்று. ஒருவர் கால் ஓய்ந்தால் மற்றவர் கால் இரட்டிப்பாக உழைக்கவேண்டும். ஒருவருக்கு நின்று பார்க்கத் தோன்றினால் மற்றவரும் நின்றே தீரவேண்டும். அன்புக்கு இசைந்த ஏற்பாடுதான் அது. சுதந்திரத்துக்கு அவ்வளவாக இசைந்ததன்று.

அந்தக் கட்டை அவிழ்த்தவை இரண்டு கண்டுபிடிப்புகள். 1885-இல் கவெண்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் ரோவர் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்; 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இன்று நம் தெருக்களில் ஓடும் சைக்கிளின் முக்கிய இலட்சணங்கள் இவ்விரண்டில் அடங்கிவிட்டன. உயரம் தாழ்ந்தது, அதிர்ச்சி குறைந்தது, பெண்களுக்கெனக் குறுக்குச் சட்டத்தைத் தாழ்த்திய வண்டிகளும் வந்தன. பென்னெல் தம்பதிகளே முச்சக்கரத்தைக் கைவிட்டு ஆளுக்கொரு வண்டியில் ஏறினார்கள்; எலிசபெத் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களைத் தம் சொந்தச் சைக்கிளில் கடந்து, 1898-இல் அதைப்பற்றித் தனி நூலே வெளியிட்டார். 1895-இல் சிகாகோ நகரத்திலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட மெக்கில்ராத் தம்பதிகள், சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் என்று தேசம் தேசமாகக் கடந்து 1898-இல் ஊர் திரும்பினார்கள்.

இவர்கள் எல்லாரிலும் என் மனம் அதிகமாகத் தங்குவது வொர்க்மன் தம்பதிகளிடத்தில்.

பேனி புல்லக் 1859-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில், பின்னர் அம்மாகாணத்தின் கவர்னராக விளங்கிய ஒரு செல்வந்தரின் மகளாகப் பிறந்தார். அவர் மணந்த வில்லியம் ஹண்டர் வொர்க்மன், அவரினும் பன்னிரண்டு வயது மூத்த வைத்தியர். மனைவியை மலையேற்றத்துக்குப் பழக்கியவர் அவரே. நியூ ஹாம்ப்ஷயரின் வெண்மலைகளில் இருவரும் கூடி ஏறிய கோடைகள் பல. 1889-இல் உடல்நலம் குன்றியதால் வில்லியம் தொழிலைவிட்டு ஓய்வு பெறவே, குடும்பம் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பெற்றோர் வழியாக வந்த சொத்து அவர்களுக்கு வருவாய்க் கவலையை வைக்கவில்லை. இவ்வகைப் பிரயாணத்துக்குப் பொருளும் ஓய்வும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை மறைத்துச் சரித்திரம் எழுதுவது நேர்மையாகாது. 1893-இல் அவர்களுடைய சின்னஞ்சிறு மகன் சீக்பிரீட் நோய்வாய்ப்பட்டு இறந்தான். அதன்பின் அத்தம்பதிகள் வீட்டில் தங்கியிருந்த காலத்தைவிட வழியில் கழித்த காலமே மிகுதி எனலாம். மகள் ரேச்சல் பிறர் பராமரிப்பிலும் பள்ளிகளிலும் வளர்ந்தாள்.

முதலில் அல்ஜீரியாவில் சைக்கிளேறி அட்லஸ் மலையைத் தாண்டி ஸகாரா பாலைவனத்தின் விளிம்பு வரை. பிறகு 1895-இல் ஸ்பெயின் தேசத்தில் 2,800 மைல். நாளொன்றுக்குச் சராசரி 45 மைல், சில நாட்களில் 80 மைல் வரை கூடச் சென்றிருக்கிறார்கள். துரத்தி வரும் நாய்களை விலக்கப் பேனி அம்மையார் சவுக்கு வைத்திருந்தார். கைத்துப்பாக்கியும் உடன் இருந்தது. அவ்விரு பயணங்களும் நூல்களாயின. இரண்டிலும் ஆசிரியர் இருவர்.

1897-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில், பேனிக்கு முப்பத்தெட்டு, வில்லியமுக்கு ஐம்பது வயதாயிருக்கையில், கீழ்த்திசைப் பயணம் தொடங்கியது. இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா எல்லாமாக இரண்டரை ஆண்டு நீடித்த பெரும்பயணம் அது. இந்தியாவின் தென்கோடியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை மட்டும் சுமார் 4,000 மைல். தென்பாண்டி நாட்டில் அப்போது ரயில் புதுமையன்று; தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சாமான்களும் உணவும் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே அவர்கள் ரயில்பாதைக்கு அருகான பெருஞ்சாலைகளைப் பெரும்பாலும் விட்டகலாமல் சென்றார்கள். வேறிடம் கிடைக்காத இரவுகளில் ஸ்டேஷன் பிரயாணிகள் அறையிலேயே படுத்துக்கொண்டார்கள். தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, பாலாடைக்கட்டி, டப்பியில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கொரு கம்பளி, எழுதுகருவிகள், மருந்துப்பை, வண்டி பழுதுபார்க்கும் சாமான்கள் ஆகியவையே அவர்கள் சுமந்த ஆஸ்தி.

அந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்னதே அதிகமாக உழைத்தது. ஒரே நாளில் நாற்பது பஞ்சர் வரை ஒட்டவேண்டியிருந்ததாம். கருவேல மரங்கள் இருபுறமும் நிற்கும் நம் நாட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓட்டியவர்கள் இதைக் கேட்டுத் திகைக்கமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் டயரை நெம்பிக் கழற்றி, டியூபை உருவிக் காற்றடித்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, சுரண்டி, சொல்யூஷன் தடவி, அது உலரும் வரை காத்திருந்து, ஒட்டை வைத்து அழுத்தி, மறுபடி மாட்டிக் காற்றடிக்கவேண்டும். மரநிழல் இல்லாத பொட்டல் சாலையில், நடுப்பகலில், குடிநீர் குறைந்துவிட்ட வேளையில், இதைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு வேண்டிய பொறுமை தனியொருவருக்கு வாய்ப்பது அரிது. ஒருவர் வண்டி நின்றால் மற்றவரும் காத்திருக்கவேண்டும். காத்திருப்பவர் முகம் சுளித்துவிட்டால், முள் டியூபை மட்டுமல்ல, பயணத்தையே குத்திவிடும். கொசுக்கூட்டமும், எலிகள் ஓடும் படுக்கையிடங்களும், பட்டினியும் சேர்ந்து இரண்டரை வருஷம் சோதித்தும், அத்தம்பதிகள் ஒருவரை விட்டொருவர் பிரிந்து போகவில்லை. பாதியில் பயணத்தை முறித்துக்கொள்ளவும் இல்லை. வாழ்க்கைத் துணையின் ஆதரவு என்று நாம் மொத்தமாகச் சொல்வதன் உட்பொருள், நாற்பதாவது பஞ்சரின்போது வெளிப்படும் அந்த நிதானம்தான் என்று நான் கருதுகிறேன்.

கோடை வெயில் தாங்கமுடியாமற் போனபோது, வடக்கே சைக்கிள்களை நிறுத்திவிட்டு, 14,000 அடி முதல் 18,000 அடி வரை உயர்ந்த கணவாய்களைக் கால்நடையாகக் கடந்தார்கள். அங்கே கண்ட பனிமலைகள் அவர்கள் வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டன. இந்தியச் சைக்கிள் பயணத்தை விவரிக்கும் அவர்களுடைய நூல் 1904-இல் வெளிவந்தபோது, தலைப்பிலேயே 14,000 மைல் என்று பயணத்தின் நீளம் பொறிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஆசிரியர்களோ அதற்குள் காரகோரம் மலைக்குரியவர்களாகிவிட்டார்கள்.

அந்த நூலைப் பற்றி எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. பழைய கோயில்களையும் சிற்பங்களையும் அது மதித்து விரித்துரைக்கிறது. அக்கோயில்களைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களை அவ்வளவு அக்கறையோடு பார்க்கவில்லை. கல்லைச் செதுக்கிய தச்சனுடைய சந்ததியார் பக்கத்துத் தெருவில் உளியும் கையுமாக இருந்திருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசும் மனம் இத்தம்பதிகளுக்கு இல்லை. மலைகளிலோ, சுமை தூக்கிய கூலியாட்களோடு அவர்களுக்கு ஓயாத பிணக்கு; பனியில் வெறுங்கையோடு வாழ்ந்து பழகிய அந்த எளியவர்களின் அச்சத்தையும் சோர்வையும் சோம்பலென்றே எண்ணினார்கள். தம்பதியர்க்குள் இருந்த சமத்துவம், அவர்களுக்குச் சுமை தூக்கியவர்கள் வரை எட்டவில்லை. சைக்கிளில் தம் மூட்டையைத் தாமே சுமந்தவர்கள் என்பதாலேயே, அவர்களுடைய பிரயாணங்களில் சாலைப்பகுதியை மலைப்பகுதியைவிட மேலானதாக நான் மதிக்கிறேன்.

ஆயினும், சாலையில் பழகிய பங்கீட்டை அவர்கள் மலைக்கும் கொண்டுபோனார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பயணத்துக்கு ஒருவர் தலைமை வகித்தால், மற்றவர் படம் எடுப்பது, உணவுச் சேகரம், அளவைக் குறிப்பு முதலிய துணைக்காரியங்களை ஏற்பார். அடுத்த பயணத்தில் பொறுப்பு மாறும். 1906-இல் பேனி தம் நாற்பத்தேழாவது வயதில் இமயமலையின் நூன் குன் தொகுதியிலுள்ள பினக்கிள் சிகரத்தில், ஏறத்தாழ 6,930 மீட்டர் உயரத்தில், ஏறி நின்றார். பெண் ஒருத்தி அவ்வளவு உயரம் ஏறியது அதுவே முதல் தடவை. 1912-இல் சியாச்சென் பனியாற்றை ஆராயச் சென்ற பெரிய கூட்டத்துக்கு அவரே பொறுப்புள்ள தலைவர். வில்லியமுக்கு அப்போது வயது அறுபத்தைந்து. புகைப்படமெடுப்பவராகவும் பனியாற்று ஆராய்ச்சியாளராகவும் மனைவியின் தலைமையின்கீழ் அவர் பணிபுரிந்தார். அங்கே ஒரு பனிமேட்டில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி பேனி நிற்கும் புகைப்படம் பிரசித்தமானது. பெண்கள் பல தேசங்களில் வாக்குரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்நாளில், யேல், ஹார்வார்ட் என்ற பெருங்கலாசாலைகளில் பயின்ற ஒரு முதிய வைத்தியர் மனைவியின் ஆணையைத் தயக்கமின்றி ஏற்று நடந்தது சாமானியமன்று. அவர்களுடைய மகள் ரேச்சலும் பிற்காலத்தில் பூதத்துவ சாஸ்திரம் கற்று, லண்டன் பூதத்துவ சங்கம் 1919-இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண் அங்கத்தினர்களுள் ஒருவரானார்.

பேனி 1925-இல் பிரான்சு தேசத்துக் கான் நகரத்தில் காலமானார். தம் செல்வத்தில் ஒரு பகுதியைப் பெண்கள் கல்வி பயிலும் நான்கு அமெரிக்கக் கலாசாலைகளுக்கு எழுதிவைத்திருந்தார். சியாச்சென் ஆராய்ச்சியை விளக்கும் அவர்களுடைய கடைசி நூல் 1917-இல் வெளிவந்தது. அதன் முகப்பிலும், அல்ஜீரியச் சைக்கிள் நூலின் முகப்பில் இருந்தது போலவே, முதலில் பேனி புல்லக் வொர்க்மன் என்றும், அடுத்து வில்லியம் ஹண்டர் வொர்க்மன் என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது.