செயலியும் இயங்குதளத் தேர்வும்: இரு வரலாறுகள்

2008 ஜூலையில் ஆப்பிளும் அக்டோபரில் கூகுளும் செயலிக் கடைகளைத் திறந்தன. ஐபோனுக்கு அப்ஜெக்டிவ்-சி, ஆண்ட்ராய்டுக்கு ஜாவா என மொழிகள் வேறு; ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடாது. எதில் தொடங்குவது என்பது சிறு குழுக்களுக்குப் பெரிய கேள்வியாயிற்று.

கெவின் சிஸ்ட்ரோமும் மைக் கிரீகரும் உருவாக்கிய இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபர் 6 அன்று ஐபோனுக்கு மட்டுமே வெளியானது. ஆண்ட்ராய்டு பதிப்பு 2012 ஏப்ரல் 3 அன்றுதான் வந்தது. தாமதம் கேடாகவில்லை, ஆறு நாள் கழித்து, அதை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது.

ஜான் கூம், பிரையன் ஆக்டன் ஆகியோரின் வாட்ஸ்அப் நிலை வேறு. அதுவும் 2009இல் ஐபோனில்தான் தொடங்கியது. ஆனால் படத்தை ஐபோன்காரர்கள் தங்களுக்குள் பார்த்து மகிழலாம், செய்தி அப்படியன்று. அனுப்புபவரிடம் ஐபோனும் பெறுபவரிடம் நோக்கியாவும் இருந்தால் செயலியால் பயன் ஏது? ஆகவே பிளாக்பெரி, சிம்பியன், ஆண்ட்ராய்டு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிரல் எழுதினர். விலை குறைந்த நோக்கியா எஸ்40 கைபேசிகளையும் விடவில்லை. (நோக்கியா ஆலை ஒன்று அப்போது நம் திருப்பெரும்புதூரிலும் இயங்கியது.) பெரும்பாலான அமெரிக்க நிறுவனங்கள் பொருட்படுத்தாத அந்த எளிய கைபேசிகளுக்கு உழைத்ததே இவர்களின் மிகத் துணிவான முடிவு எனலாம்.

2014 பிப்ரவரியில் வாட்ஸ்அப்பையும் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. எஸ்40 கைபேசிகளில் அதன் சேவை 2018 இறுதிவரை நீடித்தது.