பூனைக்கு மீன் உணவு (முடிச்சூர் வட்டாரம்)

முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கம் பூனைக்கென்று மீன் வாங்குவோர் காரப்பொடி, நெத்திலி, மத்தி போன்ற மலிவான மீன்களையே நாடுகின்றனர். அவர்கள் அஞ்சுவது முள்ளுக்கு. முள் தொண்டையில் சிக்குவதும் உண்டுதான். ஆனால் பெரிய கேடு பச்சை மீனை நாள்தோறும் போடுவதில் இருக்கிறது. நெத்திலி, மத்தி, சாதாக் கெண்டை ஆகியவற்றின் பச்சைச் சதையிலும் குடலிலும் உள்ள தயமினேஸ் என்னும் நொதி, வைட்டமின் பி1-ஐச் சிதைக்கிறது. கூடவே வைக்கும் சோற்றிலும் கறியிலும் உள்ள பி1-ஐயும் அது விட்டுவைப்பதில்லை. இது முதலில் தெரியவந்தது பூனையில் அல்ல, நரியில். 1932-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் பண்ணையில் பச்சைக் கெண்டை தின்ற நரிகள் கால் தள்ளாடி, வலிப்பு கண்டு இறந்தன; அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. பூனையிலும் அதே வரிசைதான்: இரை மறுக்கும், தள்ளாடும், கழுத்து மார்பை நோக்கி வளையும், பிறகு வலிப்பு. தொடக்கத்திலேயே பி1 ஊசி போட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

மீனவர் குப்பத்துப் பூனைகள் பச்சை மீன் தின்றே கொழுக்கின்றனவே என்பது வழக்கமான மறுப்பு. அவை எலியும் பல்லியும் பிடித்துத் தின்கின்றன. அடுக்குமாடி வீட்டுப் பூனைக்குத் தட்டில் வைப்பது மட்டுமே உணவு. மேலும், வீட்டுப் பூனை மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வழிவந்தது என 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மீன் அதன் பூர்விக இரையல்ல, மனிதர் பழக்கியது. வேகவைத்தால் பி1-உம் குறையுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. குறையும், ஆனால் நொதி அடங்கிவிடும். உப்பு, பூண்டு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்து, முள்ளை நீக்கி, வெந்த நீரோடு பிசைந்து வைத்தால் இழப்பில் ஒரு பங்கு திரும்பும். வாரம் இரண்டு முறை போதும். காணாங்கெளுத்தியும் சூரையும் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நச்சு ஊறும். அதை அடுப்பு அழிக்காது, ஆகவே பழைய மீன் வெந்தாலும் ஆகாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது சிலர் கருவாட்டுக்கு மாறுகின்றனர். உப்பு மிகுந்த அதைவிட வேகவைத்த கோழிக்கறி நல்லது.