ஒரு பல் கூடினால் வண்டி வேகமாகுமா?

சென்ற ஆண்டு ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது மாணவர் ஒருவர் என்னை நிறுத்தினார். அவர் வீட்டில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தை ஓட்டியது. "சார், எஞ்சின் பக்கத்துச் சின்னப் பற்சக்கரத்துல 16 பல் இருக்கு. அதைக் கழற்றிட்டு 18 பல் போட்டா வண்டி இன்னும் வேகமாப் போகும்னு மெக்கானிக் சொல்றார். போடலாமா சார்?" என்றார்.

"18ஐ 16ஆல் வகுத்தால் எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். "1.125" என்றார். "அப்போ 80 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி 90 போகும் சார்!" என்று அவர் முகம் மலர்ந்தது. "போகாது" என்றேன். ஏன் போகாது என்று விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த விளக்கத்தில் பாதி இயற்பியல், பாதி வரலாறு. வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

1870களில் மேலை நாடுகளில் ஓடிய சைக்கிளின் படத்தை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் கையகலம். இது வேடிக்கைக்காகச் செய்யப்பட்டதன்று. மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஒரு மிதிக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குச் சக்கரத்தின் சுற்றளவு தூரம். எனவே வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும். 60 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு மிதிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர் செல்லும். அதற்குமேல் போக மனிதனின் கால் நீளம் இடம் தராது! கியரை நிர்ணயித்தது பொறியாளர் அல்லர், தையற்காரர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்தக் கட்டை அவிழ்த்தது சங்கிலி. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் நெசவு இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த ஹான்ஸ் ரெனால்டு, 1880இல் உருளைச் சங்கிலியை உருவாக்கினார். இன்று நம் வீட்டுச் சைக்கிளில் இருப்பதும் அதே வகைதான். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி தம் ரோவர் சைக்கிளில் சங்கிலியைப் பின்சக்கரத்துக்குப் பூட்டினார். 48 பல்லும் 18 பல்லும் பூட்டிய 26 அங்குலச் சக்கரம், 69 அங்குலச் சக்கரம் செய்யும் வேலையைச் செய்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் சைக்கிள் ஓட்டுவோர் இன்றும் கியரை அங்குலத்தில் சொல்வதற்குக் காரணம், அந்தப் பழைய பெருஞ்சக்கரந்தான்.

மோட்டார் சைக்கிள் இந்தப் பாடத்தை உடனே கற்றுக்கொள்ளவில்லை. 1894இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹில்டபிராண்ட் உண்ட் வோல்ஃப்முல்லர் நிறுவனம் தயாரித்த வண்டியே தொடர் உற்பத்திக்கு வந்த முதல் மோட்டார் சைக்கிள். 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. திறனோ இரண்டரைக் குதிரைத்திறன்தான். அதன் பிஸ்டன்களிலிருந்து வந்த தண்டுகள், நீராவி ரயில் எஞ்சினில் உள்ளதுபோல, நேரே பின்சக்கரத்தைச் சுழற்றின. கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. அங்கே கியரை மாற்ற வேண்டுமென்றால் பின்சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

அடுத்து வந்தது தோல் வார். எஞ்சினில் சிறு கப்பி, பின்சக்கரத்தில் பெரிய கப்பி, இடையில் வார். மழை பெய்தால் வார் வழுக்கும். ஏற்றம் வந்தால் ஓட்டுபவர் இறங்கி ஓடித் தள்ளுவார். 1907இல் ஐல் ஆஃப் மேன் தீவில் தொடங்கிய புகழ்பெற்ற டி.டி. பந்தயத்தில், ஸ்நேஃபெல் மலையைத் தவிர்த்தே பாதையை அமைத்தார்கள். ஒற்றைக் கியர் வண்டிகள் அந்த மலையை ஏறமாட்டா என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்நாளில் ஸெனித் என்ற ஆங்கில நிறுவனம் ஒரு தந்திரம் செய்தது. எஞ்சின் கப்பியின் இரு பக்கங்களும் நெருங்கவும் விலகவும் முடியும். நெருங்கினால் வார் மேலேறி, கப்பி பெரிதானதுபோல ஆகும், விலகினால் சிறியதாகும். வார் தளராதிருக்கப் பின்சக்கரமே முன்னும் பின்னும் நகரும். 'கிராடுவா' என்ற இந்த ஏற்பாட்டால் ஓட்டுபவர் ஓடும்போதே கியரை மாற்றிக்கொண்டார். மலையேற்றப் பந்தயங்களில் ஸெனித் வண்டிகள் வென்றுகொண்டே போகவே, பல சங்கங்கள் அவற்றை ஒற்றைக் கியர் வண்டிகளோடு போட்டியிட விடாமல் தடை செய்தன. நிறுவனத்தார் வருந்தவில்லை. 'தடுக்கப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையே தம் வணிகச் சின்னத்தில் பொறித்துக்கொண்டார்கள்! இதைவிட நல்ல விளம்பரம் யாருக்குக் கிடைக்கும்?

1911இல் டி.டி. பந்தயம் மலைப் பாதைக்கு மாறியது. சங்கிலியும் இரண்டு கியர்களும் கொண்ட 'இந்தியன்' வண்டிகள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. (பெயரைப் பார்த்து மகிழ வேண்டாம், அது அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் செய்யப்பட்டது.) வார் உடனே தோற்றுவிடவில்லை. 1914இல் வாரில் இயங்கிய ரட்ஜ் மல்ட்டி வண்டியில் சிரில் புல்லின் வென்றார். ஆயினும் காற்று சங்கிலியின் பக்கமே வீசியது.

கியர் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்பதை இங்கே பார்த்துவிடுவோம். திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. எஞ்சின் தரும் திறனைப் பற்சக்கரம் கூட்டவே முடியாது. உராய்வில் சிறிது குறைக்க மட்டுமே முடியும். அது செய்வதெல்லாம் பண்டமாற்று: வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும், அல்லது விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும். சமதரையில் உச்ச வேகத்தில் ஓடும் வண்டிக்குப் பெரும்பகை காற்று. காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயரும். 80ஐ 90 ஆக்க, 1.125இன் மும்மடி, அதாவது ஏறத்தாழ 1.42 மடங்கு திறன் வேண்டும். நூற்றுக்கு 42 பங்கு அதிகத் திறனை இரண்டு இரும்புப் பற்கள் எங்கிருந்து கொண்டுவரும்? பல்லைக் கூட்டியதும் எஞ்சினின் சுழற்சி குறையும். அது தன் உச்சத் திறனை எட்டாமலே போகலாம். அப்போது வண்டி முன்னைவிட மெதுவாகவே ஓடும்.

சங்கிலி வண்டியில் பல் மாற்றுவது கடையில் வாங்கி மாட்டும் வேலை. சுழல்தண்டு வண்டியில் கதை வேறு. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905இல் தன் நான்கு சிலிண்டர் வண்டியில் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டை வைத்தது. 1923இல் மாக்ஸ் ஃபிரிட்ஸ் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32 அதே வழியில் வந்தது. இவற்றில் தண்டின் முனையிலுள்ள சிறு கூம்புப் பற்சக்கரம் பின்சக்கரத்தை ஒட்டிய பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்விரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று இழைத்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் ஓலமிடும், பல் தேயும். எனவே கியர் மாற்ற விரும்புவோர் பின்சக்கர இயக்கப் பெட்டியையே முழுதாகக் கழற்றி, வேறொரு வண்டியின் பெட்டியைப் பொருத்துவார்கள்.

இதற்குத் தொழிற்சாலையே வழிகாட்டியது. 1960களில் வந்த ஆர் 60/2 வண்டி தனியாக ஓட 25க்கு 8 பல்லும், பக்கவண்டி பூட்ட 27க்கு 7 பல்லும் கொண்ட பெட்டிகளோடு கிடைத்தது. முதல் விகிதம் 3.13, இரண்டாவது 3.86. பக்கவண்டியும் அதில் ஓர் ஆளும் சேர்ந்த பாரத்தை இழுக்க, சக்கரத்தில் நூற்றுக்கு 23 பங்கு அதிகத் திருப்புவிசை. 1969இல் வந்த வரிசையிலும் இப்படியே: 500 கன சென்டிமீட்டர் வண்டிக்கு 3.56, 600க்கு 3.36, 750க்கு 2.91. வலிமை குறைந்த எஞ்சின் அதிகம் சுழன்று ஈடுகட்ட வேண்டும் என்பதே இதன் பொருள். ஆர் 75/5 வண்டியின் மேல் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுழன்றால் வேகம் மணிக்குச் சுமார் 137 கிலோமீட்டர். அதிலேயே 600இன் பெட்டியைப் பொருத்தினால் அதே சுழற்சியில் சுமார் 119தான். ஆனால் ஏற்றத்தில் இழுவை நூற்றுக்கு 15 பங்கு கூடும்.

இந்த மாற்றத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. அவ்வண்டியின் வேகமானிக் கம்பி சக்கரத்திலிருந்து வரவில்லை. கியர் பெட்டியிலிருந்து வருகிறது. பின்னால் விகிதம் மாறியது வேகமானிக்குத் தெரியாது. 600 வண்டியில் 750இன் பெட்டியைப் பொருத்தியவர், முள் 100ஐக் காட்டும்போது உண்மையில் 115இல் பறந்துகொண்டிருப்பார். வளைவில் விழுந்த பிறகு முள்ளைக் குறைசொல்லிப் பயனில்லை. அதனால்தான் அந்த வேகமானிகளின் முகத்தில் 'டபிள்யூ' என்ற எழுத்தோடு ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பெட்டியை மாற்றுபவர் அதற்கேற்ற எண்ணுள்ள வேகமானியையும் மாற்ற வேண்டும். புல்லட்டில் இந்தச் சிக்கல் இல்லை. அதன் வேகமானிக் கம்பி முன்சக்கரத்திலிருந்து வருவது.

மாணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 18ஐ விட்டு 17 பல் போட்டார். கிளட்சைக் கழற்றினால்தான் அந்தச் சக்கரத்தை எட்ட முடியும் என்பதால் மெக்கானிக்குக்கு அரைநாள் வேலை. சேலம் சாலையில் எஞ்சின் அமைதியாக ஓடுகிறதாம். உச்ச வேகம் முன்பு இருந்ததேதான். ஆனால் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பது கொல்லிமலையில். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில், முன்பு இரண்டாம் கியரில் திரும்பிய பல இடங்களில் இப்போது முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பின்னால் அமர்ந்துவந்த தந்தை, பழைய பல்லையே மாட்டச் சொல்லிவிட்டாராம்.