பைப்புக்குள் ஐஸ்... குளிர்காலத்தில் வீடு வெள்ளக்காடாவது ஏன்? தடுப்பது எப்படி?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தைப் பனிப்புயல் புரட்டிப் போட்டது. டல்லாஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை சரிந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள், கடைகளில் கரண்ட் கட். ஹீட்டர் ஓடாததால் வீட்டுக்குள் இருந்த தண்ணீர் பைப்புகளும் உறைந்தன. குளிர் குறைந்ததும் 'அப்பாடா' என்று மூச்சு விட்டபோதுதான், பல வீடுகளில் கூரையிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

பைப் ஏன் வெடிக்கிறது?

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடையும். ஐஸ் முட்டித் தள்ளி பைப்பை உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது வேறு. பைப்பின் நடுவில் ஐஸ் அடைத்துக்கொள்கிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் இடையில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழி இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பலவீனமான இடத்தில் பைப் கிழிகிறது. ஐஸே இல்லாத இடத்தில் வெடிப்பதும் இதனால்தான்.

அடைப்பு இருக்கும்வரை பெரிதாக ஒழுகாது. ஐஸ் உருகியதும் மொத்தத் தண்ணீரும் வீட்டுக்குள் வந்துவிடும்.

குளிர் குறைந்த ஊரில்தான் ஆபத்து அதிகமா?

கனடா போன்ற இடங்களில் குளிரை எதிர்பார்த்தே வீடு கட்டுவார்கள். பைப்புகள் வீட்டின் சூடான பகுதிக்குள் ஓடும். டெக்சாஸில் பல வீடுகளில் பைப்புகள் கூரைக்கு அடியிலும் வெளிச்சுவரிலும் போகின்றன. இப்படி மூடாமல் கிடக்கும் பைப்புகளுக்கு, வெளியே மைனஸ் 7 டிகிரியைத் தொட்டாலே எச்சரிக்கை மணி என்பது பொதுவான கணக்கு.

என்ன செய்ய வேண்டும்?

* வெளியே தெரியும் பைப்புகளுக்கு ஃபோம் உறை போடுங்கள்.
* தோட்டத்துக் குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்றிவிடுங்கள்.
* சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். அறையின் சூடு பைப்புக்குப் போகும்.
* ராத்திரி ஆச்சே என்று ஹீட்டரைக் குறைக்காதீர்கள்.
* வெளிச்சுவரை ஒட்டிய குழாயை லேசாகச் சொட்ட விடுங்கள்.

சொட்டுச் சொட்டா விட்டா போதுமா என்று கேட்கலாம். ஓடும் தண்ணீர் சுலபத்தில் உறையாது. அப்படியே உறைந்தாலும் அழுத்தம் வெளியேற வழி இருக்கும். அதுதான் முக்கியம்.

ஆனால் எல்லா நேரமும் இது கை கொடுக்காது. 2021-ல் ஊர் முழுக்கத் தண்ணீர் அழுத்தம் குறைந்ததால், 'குழாயைச் சொட்ட விடாதீர்கள்' என்று ஹூஸ்டன் நகர நிர்வாகமே கேட்டுக்கொண்டது. அந்த மாதிரி நேரத்தில் மெயின் வால்வை மூடிவிட்டு, எல்லா குழாய்களையும் திறந்து பைப்பைக் காலி செய்துவிடுவதே வழி.

ஊருக்குக் கிளம்புகிறீர்களா?

பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு தமிழ்நாட்டுக்கு வருபவர்களும் மெயின் வால்வை மூடி, பைப்பைக் காலி செய்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஹீட்டரை அடியோடு அணைக்காமல், 13 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள்.

உறைந்துவிட்டால்?

குளிர் நாளில் திடீரென குழாயில் தண்ணீர் வரவில்லை, அல்லது நூல் மாதிரி வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். குழாயைத் திறந்தே வைத்து, அதன் பக்கத்திலிருந்து அடைப்பை நோக்கி ஹேர் டிரையர் அல்லது வெந்நீரில் நனைத்த துண்டால் மெதுவாகச் சூடாக்குங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஹேர் டிரையர் கூடவே கூடாது. நெருப்பு காட்டவும் கூடாது. வீடே பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பைப் வெடித்துவிட்டால் முதல் வேலை மெயின் வால்வை மூடுவதுதான். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டி வையுங்கள். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும்போது தேட நேரம் இருக்காது!